ஐந்தாவது வாக்கியம்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் நாற்பத்தொரு நோட்டுகளில் முப்பத்தெட்டில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. எனக்கு போனஃபைடு சர்டிபிகேட் வேண்டும். ஐந்து வாக்கியம் கேட்டிருந்தேன். அதையே அண்ணனுக்கு வேண்டும், தங்கைக்கு வேண்டும், மாமா மகனுக்கு வேண்டும் என்று ஆளை மாற்றி ஐந்தாக்கிவிட்டார்கள். ஒருவன் தாத்தாவுக்கும் கேட்டிருந்தான். எழுபது வயதில் அவர் எந்தப் பள்ளியில் படிக்கிறாரோ தெரியவில்லை. இரண்டு பேர் எழுதவே இல்லை. ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் வரிசையாகச் சுழித்துக்கொண்டே வந்தேன்.

இத்தனைக்கும் முந்தின நாள்தான் தொண்டை வறள விளக்கியிருந்தேன். அது ஆபீஸ் ஜன்னலில் கை நீட்டி வாங்குகிற தாளின் பெயர் இல்லை கண்ணுங்களா, லத்தீனிலிருந்து வந்த சொல், நல்ல நம்பிக்கையோடு என்பது பழைய பொருள், இப்போது உண்மையான, போலி இல்லாத என்ற பொருளில் எந்தப் பெயருக்கு முன்னாலும் போடலாம், வீட்டில் பேசுகிற மாதிரி வாக்கியத்தில் போட்டுக் கொண்டுவாருங்கள், கைடைப் பார்த்து எழுதினால் பூஜ்யம் என்று சொல்லியிருந்தேன். சரி மிஸ் என்று கோரஸாகச் சொன்னார்கள். அந்தக் கோரஸை நம்பிப் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

நாற்பத்தொன்றாவது நோட்டு ஆர்த்தியுடையது. எங்கள் பள்ளி வேன் ஓட்டும் கொளஞ்சியப்பனின் மகள். பாதி ஃபீஸில் படிக்கிற பிள்ளை. ஐந்து வாக்கியமும் அவள் சொந்தச் சரக்கு. அவளுடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: எங்கள் வீட்டுக் கோழி போனஃபைடு நாட்டுக்கோழி, அதனால் அதைப் பிடிக்க முடியாது. எங்கள் காட்டில் ஏர் ஓட்டும்போது கிடைத்த, கல்லாகிப்போன சங்கு போனஃபைடு, அதற்கு வயது பல கோடி, ஆனால் அம்மா அதை வைத்து ஊறுகாய் ஜாடியை மூடுகிறாள். என் சித்தப்பா போனஃபைடு டிரைவர் இல்லை, அவரிடம் லைசென்ஸ் கிடையாது. என் அத்தை தன் மாமியாரிடம் காட்டுவது போனஃபைடு அன்பு இல்லை, பென்ஷன் வரும் நாளில் மட்டும் காட்டுகிறாள். எங்கள் பள்ளி லேப் போனஃபைடு லேப் இல்லை, அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போன மறுநாள் என் அப்பா அதை வேனில் பெரம்பலூருக்குத் திரும்பக் கொண்டுபோனார்.

ஐந்துக்கும் ஐந்து டிக் போட்டேன். வெரி குட் எழுதினேன். படம் எடுத்தேன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தினம் ஒரு நல்ல நோட்டைப் படம் பிடித்துப் பெற்றோர் குழுவில் போடவேண்டும் என்பது எங்கள் தாளாளர் காசிநாதன் சாரின் உத்தரவு. கட்டுகிற ஃபீஸுக்கு இங்கிலீஷ் கண்ணில் தெரியவேண்டும் என்பார். நானும் ஒரு நாள் விடாமல் போட்டு வந்திருக்கிறேன்.

ஐந்தாவதை நீ படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தேன். ‘வாஸ்’ சரியாக இருக்கிறதா, ‘டுக்’ போட்டிருக்கிறாளா, பெரம்பலூருக்குப் பெரிய எழுத்து போட்டாளா என்று படித்தேன். வாக்கியம் என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நோட்டுத் திருத்துகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இப்படித்தான் படிக்கிறோம். ஒரு பிள்ளை வீடு தீப்பற்றி எரிகிறது என்று எழுதிக் கொடுத்தாலும் காலம் சரியாக இருந்தால் டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்போம்.

பெற்றோரும் படிக்கவில்லை. புதன் மாலையும் வியாழன் முழுக்கவும் கட்டைவிரலும் கும்பிடுமாக வந்துகொண்டிருந்தன. சூப்பர் மிஸ் என்று எட்டுப் பேர். ஒரு அம்மா ரோஜாப்பூ வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பிரேம் என்கிற அப்பா, பேங்கில் வேலை பார்க்கிறவர், ஒரே ஒரு வரி கேட்டார். ‘அஞ்சாவது வாக்கியம் நெசமா மிஸ்?’ அதற்குப் பிறகு குழுவில் ஒரு சத்தமும் இல்லை. அசெம்பிளிக்கு நின்றுகொண்டே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். முதல் முறையாகப் படித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

நெசம்தான். இரண்டு வாரம் முன்னால் அங்கீகாரம் புதுப்பிக்க ஆய்வுக்கு வந்தார்கள். எங்களிடம் லேப் என்ற பலகை உண்டு, உள்ளே உடைந்த பெஞ்சுகள் உண்டு. காசிநாதன் சாருக்குப் பெரம்பலூரில் இன்னொரு பள்ளி இருக்கிறது. அங்கிருந்து எட்டு மைக்ரோஸ்கோப், ஒரு கை இல்லாத எலும்புக்கூடு, தராசு, அட்டைப்பெட்டி நிறையப் புட்டிகள் எல்லாவற்றையும் கொளஞ்சியப்பன் ஒரே நாளில் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதி புட்டிகளில் லேபிள் கிழிந்திருந்தது. ஸ்டாஃபில் யார் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். ஆனி ரோஸ் மிஸ் என்று எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அறுபத்து நாலு லேபிள் எழுதினேன். அதில் பத்துப் பன்னிரண்டில் வெறும் குழாய்த் தண்ணீர். அதற்கும் அழகாகப் பெயர் எழுதி ஒட்டினேன். ஆய்வுக்கு வந்த அம்மா ஒரு புட்டியைத் தூக்கிப் பார்த்து, நீட்டா வச்சிருக்கீங்க என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மதியம் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் அறையில் நாற்காலி உண்டு, அது பெற்றோருக்கு. காசிநாதன் சார் கத்துகிற ஆள் இல்லை. சிமெண்டு ஏஜென்சியில் சம்பாதித்ததைப் போட்டுக் கூரைக்கொட்டகையில் ஆரம்பித்து, இன்று எழுநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியாக்கியவர். கொரோனா காலத்தில் பாதிச் சம்பளமாவது கொடுத்தார், பக்கத்துப் பள்ளிகள் அதையும் கொடுக்கவில்லை. அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

“உட்காந்து யோசிச்சேன் மேடம். படத்த குரூப்புல இருந்து எடுத்தாச்சு. ஆனா அதுக்குள்ள எங்கெங்கயோ போயிடுச்சு. அங்கீகார ஆர்டர் அடுத்த வாரம் கைக்கு வரணும். இப்ப எவனாச்சும் பெட்டிஷன் போட்டான்னா நின்னுடும்.”

“சார், நான் கவனிக்காம…”

“அத விடுங்க. அதே பக்கத்த எடுங்க. அஞ்சாவதுக்குத் தப்புன்னு போடுங்க. பக்கத்துல, இது மாணவியின் கற்பனைன்னு செவப்புல எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துத் திரும்பக் குரூப்புல போட்டுடுங்க. டீச்சரே தப்புன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சிது.”

அவர் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“திங்கக்கெழம உங்களுக்கு வெரிஃபிகேஷன்னு கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். நாளைக்கு இத முடிச்சிக் குடுங்க, ஃபைல கையோட வாங்கிட்டுப் போங்க.”

இதற்கு முன்கதை வேண்டும். பிரைவேட் ஸ்கூலில் சேரும்போது நம் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ., பி.எட்., எல்லாம். நடு வருஷத்தில் ஓடிவிடக்கூடாதாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருபத்து நாலு வயதில் ஒரு பச்சை ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் அதைப் பார்க்கவில்லை. இந்த வருஷம்தான் ஏலாக்குறிச்சிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அரசுச் சம்பளம். திங்கட்கிழமை பத்து மணிக்கு அரியலூரில் கல்வி அலுவலகத்தில் ஒரிஜினலைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். டூப்ளிகேட் வாங்கலாம் என்றால் தொலைந்துபோனது என்று போலீசில் எழுதிக் கொடுக்கவேண்டும். தொலையாததைத் தொலைந்தது என்று எழுதினால்கூட மூன்று மாதம் ஆகும்.

ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் கேட்டார். ஒரு நாளைக்கு நான் இருநூறு போடுகிறேன்.

மாலை நாலரைக்கு வேன் நிறுத்துகிற இடத்துக்குப் போனேன். கொளஞ்சியப்பன் பக்கெட்டில் தண்ணீர் எடுத்து முன்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிற வண்டி, தினம் இரண்டு முறை கழுவவேண்டும். ஆர்த்தி படியில் உட்கார்ந்து ஷூ லேஸைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அவர் என்ன கேட்பார் என்று எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்தேன். தப்புன்னு போட்டுடுங்க டீச்சர், எம் பொழப்பு போயிடும் என்று அவர் சொல்லிவிட்டால் எனக்கு வழி சுலபமாகிவிடும். உண்மையைச் சொன்னால் அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

“கரஸ்பாண்டென்ட் சார் உங்ககிட்ட பேசினாரா?”

“பேசுனாரு. நாளைக்கு புள்ளைய கூட்டியாந்து தப்பா எழுதிட்டேன்னு சொல்லச் சொன்னாரு.” துணியைப் பிழிந்து கண்ணாடி மேல் காயப்போட்டார். “டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. எம் பொண்ணு எழுதுனது சரியா, தப்பா?”

“சரிதான்.”

“அஞ்சுமா?”

“அஞ்சும் சரிதான். கிளாஸ்லயே அவதான் சரியா எழுதுனா.”

“அப்புறம் எதுக்குத் தப்புன்னு சொல்லணும்?”

“உங்க வேலை…”

“டிரைவருக்கு அரியலூர்ல வேலையா இல்ல? ரோட்ட பாருங்க, நிமிசத்துக்கு ஒரு லாரி போவுது. எதுலயாச்சும் ஏறி உக்காந்துக்குவேன்.” பக்கெட்டில் மிச்சமிருந்த தண்ணீரைச் சக்கரத்தின் மேல் வீசி ஊற்றினார். “டீச்சர், அந்தச் சாமான ஏத்துனது நானு, எறக்குனது நானு. அந்த எலும்புக்கூட்ட எம் பக்கத்து சீட்டுல உக்கார வச்சிக்கிட்டு வந்தேன். என்னைய பாத்து, நீ கொண்டாரவே இல்லங்கறாங்க. வூட்டுல எம் பொண்ணு மொகத்த நான் எப்பிடிப் பாக்குறது?”

ஆர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த முகம் இல்லை. பரீட்சையில் கேள்வித்தாள் வருவதற்கு முன் வைத்துக்கொள்கிற முகம். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்கு வந்து சேரும்போது வெளிச்சம் இருந்தது. என் கணவர் மரிய செல்வம் முந்திரிக் காட்டிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். லேபிள் எழுதியதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். அவர் கால் மேல் கால் தேய்த்தபடி கேட்டுக்கொண்டார்.

“மொதல்ல ஃபைல வாங்கிட்டு வந்துடு ரோசு. கைல வந்தப்புறம் நெசத்த பேசிக்கலாம். யாரு வேணாங்கறா?”

கெட்ட மனுஷன் இல்லை என் கணவர். பதினோரு வருஷம் அரசுச் சம்பள வேலைக்காக நான் எழுதிய பரீட்சைகளுக்கெல்லாம் பைக்கில் கொண்டுபோய் விட்டு, வெளியே மர நிழலில் காத்திருந்தவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் கோபம் வந்தது. கையில் வந்தபிறகு யார் பேசுவார்கள்? நான் பேசமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். புது வேலை, புது ஸ்கூல், சம்பளம் வங்கியில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் விசாரிப்பார்கள். ஆர்த்தியின் நோட்டில் நான் போட்ட பெருக்கல் குறி அப்படியே இருக்கும். அந்தப் பிள்ளை இனி சர்டிபிகேட் வேண்டும் என்று மட்டும் எழுதுவாள்.

சனிக்கிழமை பள்ளி உண்டு. ஒன்பதரைக்குத் தாளாளர் அறைக்குப் போனேன். மேசை மேல் பச்சை ஃபைல் இருந்தது. பச்சை வெளுத்து மஞ்சளாகியிருந்தது. மேலே என் கையெழுத்தில் என் பெயர். அதன் பக்கத்தில் ஆர்த்தியின் நோட்டைப் பிரித்து, ஒரு சிவப்புப் பேனாவையும் மூடி கழற்றி வைத்திருந்தார். அவருடைய போனைக் காகிதம் பறக்காமல் இருக்க வைப்பதுபோல ஃபைல் மேல் வைத்திருந்தார். ஆர்த்தி சுவரோரமாக நின்றிருந்தாள். அவள் அப்பா வெளியே வராந்தாவில் நிற்பது ஜன்னலில் தெரிந்தது.

“சொல்லும்மா,” என்றார் காசிநாதன் சார், அன்பாகவே. “மிஸ்கிட்ட சொல்லு. தெரியாம எழுதிட்டேன்னு.”

ஆர்த்தி என்னைப் பார்த்தாள்.

“அஞ்சாவதுல எது தப்பு மிஸ்?” என்றாள். “சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்.”

திமிராகக் கேட்கவில்லை. தினமும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான்தான் அப்படிக் கேட்கப் பழக்கியிருந்தேன். தப்பு என்றால் எது தப்பு என்று கேளுங்கள், டீச்சர் சொல்லியே ஆகவேண்டும் என்று வருஷத்தின் முதல் நாளே ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன்.

“எதுவும் தப்பில்ல. எல்லாம் சரி. நீ நோட்ட எடுத்துக்கிட்டு கிளாஸுக்குப் போ.”

அவள் மேசைக்கு வந்து நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். காசிநாதன் சார் தடுக்கவில்லை. அவள் போனபின் பேனாவை மூடினார்.

“மேடம், நான் ஒண்ணும் கோட்ட கட்டி வாழல. மூணு வருசத்துல நெசமான லேப் கட்டிடுவேன். அதுவரைக்கும் எழுநூறு புள்ளைங்க எங்க போவும்? அங்கீகாரம் இல்லன்னா உங்க ஒம்பதாவது புள்ளைங்க அடுத்த வருசம் பப்ளிக் எழுத முடியுமா? யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார். லேப்பயே பாக்காம பப்ளிக் எழுதப் போறதும் அதே புள்ளைங்கதான்.”

“இதே வாயோட திங்கக்கெழம போயி என்னத்த காட்டுவீங்க?”

பொய் சொல்லமாட்டேன், அந்த ஃபைலைப் பார்க்கும்போது கை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. எங்கள் அப்பா பி.எட். சேர்க்க ஒரு ஏக்கர் முந்திரியை விற்றார். அந்த ஏக்கர் அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது. ஆனால் பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. என் படிப்பை என்னிடமே விலைக்கு விற்கிறார். அதற்கு விலை ஒரு பிள்ளையின் சரியான விடை. இதில் நான் நின்றுகொண்டு யோசிக்க வேறு வேண்டுமா?

போனை எடுத்தேன். நேற்றிலிருந்து குழுவில் பெற்றோர் யாரும் எழுத முடியாதபடி ஆபீசில் பூட்டியிருந்தார்கள். வகுப்பாசிரியையான எனக்கு மட்டும் பூட்டு இல்லை. ஹோம்வொர்க் போடவேண்டுமே. அங்கேயே நின்று, தமிழில் தட்டினேன். பதினோரு வருஷத்தில் அந்த மாதிரிக் குழு எதிலும் நான் தமிழில் எழுதியதில்லை, அதற்கும் தடை உண்டு. தட்டி முடித்ததை அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“அன்பார்ந்த பெற்றோருக்கு. புதன்கிழமை போட்ட படத்தில் இருந்த ஐந்தாவது வாக்கியத்தின் பொருள் இது: நம் பள்ளியில் அதிகாரிகள் பார்த்த லேப் உண்மையானது இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து திருப்பி அனுப்பப்பட்டது. இது மாணவியின் கற்பனை இல்லை. அந்தப் புட்டிகளுக்கு லேபிள் எழுதி ஒட்டியது நான். சிலவற்றில் தண்ணீர்தான் இருந்தது. யாருக்காவது கேட்கவேண்டும் என்றால் என்னைக் கேளுங்கள், பிள்ளையைக் கேட்காதீர்கள். இப்படிக்கு, ஆனி ரோஸ், ஆங்கில ஆசிரியை.”

“அனுப்பாதீங்க மேடம்,” என்றார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

அனுப்பினேன்.

என் போனில் ஒரு டிக், இரண்டு டிக், பிறகு யார் யாரோ படித்ததாகக் காட்டிக்கொண்டே போனது. பத்து, பதினாறு, இருபத்தொன்று. இந்த முறை எல்லாரும் வாக்கியத்தைப் படித்தார்கள். குழுவில் பதில் எழுத வழியில்லாததால் ஒரு நிமிஷம் வரை ஒன்றும் நடக்கவில்லை. காசிநாதன் சார் இரண்டு கைகளாலும் ஃபைலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவருடைய போன் அதிர்ந்தது. திரையில் பிரேம் பேரன்ட் என்று வந்தது. அவர் எடுக்கவில்லை. கைகளை ஃபைலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது அடங்கியதும் அடுத்த அழைப்பு, அடுத்த பெயர். அப்புறம் பெயரில்லாத எண் ஒன்று. நான் பெற்றோருக்கான நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். வழவழப்பான பிளாஸ்டிக் உறைமேல் அந்தப் போன் ஒவ்வொரு அழைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, என் பெயரைத் தாண்டி, ஃபைலின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடியும் அடித்தது.